முப்பத்தொண்ணு காட்டுச்சு

ஒரு நாளைக்குச் சராசரியா எத்தனை கிலோமீட்டர் ஓடும் சார்னு அந்த ஷோரூம்காரன் கேட்டது என்னைப் பாத்து இல்ல, என் கொழுந்தனைப் பாத்து. லைசென்சு என் பேர்ல இருக்கு. காசு எங்க அம்மை வழியில வந்த நெலத்தை வித்த காசு. அந்தக் கடை வாசல் வரைக்கும் ஸ்டீயரிங் பிடிச்சு வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினவ நான். கொழுந்தன் திருமலைக்குமாருக்கு பைக்கைத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது, ஆனா மீசை இருக்குல்லா, அதனால அவன் சார். அந்த சாரும் பெரிய மனுசன் கணக்கா தாடையைத் தடவிக்கிட்டு, ஒரு இருபது முப்பது ஓடும்னு சொல்லுதான். சராசரியாம் சராசரி. எங்க வீட்டுல சராசரியா ஒரு நாளும் விடிஞ்சதில்ல. அஞ்சு நாள் வண்டி மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்துல சும்மா நிக்கும், கோழி அதுக்கடியில படுத்துக் கெடக்கும். செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்குப் போக அம்பத்தெட்டு, வர அம்பத்தெட்டு, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு டயாலிசிஸுக்கு. இதை எல்லாம் கூட்டி ஏழால வகுத்தா என்ன வரும்? ஒண்ணும் வராது. செவ்வாக்கிழமைக்கு ஒரு வண்டி வேணும்னுதானே நான் வந்திருக்கேன், சராசரிக்கா வந்திருக்கேன். இதை அன்னைக்கே அவன் மூஞ்சியில சொல்லாம வந்துட்டமேன்னு இன்னைக்கு இந்த ஓட்டல் பின்கட்டுல, சார்ஜர் மிசினுக்கு முன்னால உக்காந்து, வெயிலு ஏற ஏற எனக்கு வயிறு எரியுது. மணி ஒம்பதே முக்கால். மிசின்ல பதினொண்ணு சதவீதம் காட்டுது. அவுக ஆஸ்பத்திரியில ஒம்பதாம் நம்பர் கட்டில்ல படுத்திருக்காக, பன்னெண்டரைக்கு முடியும். மூணு மணிக்கு இந்த வண்டியைக் கொண்டுபோய் ஷோரூம்ல விட்டுட்டு, ரெண்டு வண்டியில எதுன்னு கையெழுத்துப் போடணும். போடலைன்னா மாசக்கணக்கா காத்துக் கெடக்கணும்னு சொல்லிட்டான்.

இந்த மிசின்கிட்ட வந்து சேர்றதுக்கே ஒரு சண்டை. சார்ஜ் போடுற எடத்தை மறிச்சுக்கிட்டு ஓட்டல் காய்கறி வேனை நிறுத்தி வச்சிருக்கான். ஆரனை அமுக்குனா மேனேஜர் பல்லைக் குத்திக்கிட்டே வாரான், வந்து வண்டிக்குள்ள எட்டிப் பாக்கான், கூட யாரும் வரலையாம்மாங்கான். யாரு வரணும்? வண்டி ஓட்டத் தெரிஞ்சவ வந்திருக்கேன், வேற யாரு வரணும்? எட்டு சதவீதத்துல வந்து நிக்குதேன், வேனை எடுக்கச் சொல்லுங்கன்னேன். டிரைவர் சாப்பிடுதான்மா அஞ்சு நிமிசம்னான். எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்துச்சோ. ஒங்க டிரைவர் இட்லியைத் தின்னு முடிக்கிற வரைக்கும் என் வீட்டுக்காரர் ரத்தம் காத்துக்கிட்டு நிக்குமான்னு கேட்டேன். அவுக அதுக்குள்ள கட்டில்ல படுத்தாச்சு, வண்டிக்கும் ரத்தத்துக்கும் அந்நேரம் ஒரு சம்பந்தமும் இல்ல, தெரியும். ஆனா கேட்டுட்டேன். சாம்பார் வாளியோட நின்னவன்கூட திரும்பிப் பாத்தான். வேன் நகந்துச்சு. மிசின்ல ரெண்டு குழாய், ஒண்ணு செத்துப்போய் சாக்கைச் சுத்தி வச்சிருக்கு. இன்னொண்ணைச் சொருகுனா ஃபோன்ல எதையோ இறக்கணுமாம், நம்பர் வருமாம், அதைப் போடணுமாம். பெட்ரோல் பங்கில இப்படி எவனாவது கேப்பானா? எங்க பழைய வண்டிக்கு மூடியைத் தொறந்தா போதும். அதுவும் இப்ப இல்ல, மாத்து வண்டியாக் குடுக்கணும்னு மதிப்புப் போடக் கொண்டுபோய் ஷோரூம்ல நிக்குது. அதுக்குப் பதிலாத்தான் இதை ரெண்டு நாளைக்கு ஓட்டிப் பாருங்கன்னு சனிக்கிழமை சாயங்காலம் குடுத்துவிட்டான். குடுத்தது குமார் கையில. சாவியைக்கூட அவன் கையிலதான் குடுத்தான்.

ரெண்டு வண்டி. ஒண்ணு இது, முழுக்கக் கரண்டு. இன்னொண்ணு பிளக்-இன் ஹைப்ரிட்டாம், பேரைச் சொல்லவே குமாருக்கு நாலு நாள் ஆச்சு. அதுக்கும் வீட்டுல பிளக்கைச் சொருகணும். சொருகுனா அம்பது கிலோமீட்டர் கரண்டுல போகும், அது தீந்துட்டா தன்னால பெட்ரோலுக்கு மாறிக்கிடும். குமாருக்கு அதுதான் வேணும். மதினி, அண்ணனை வச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்கக்கூடாது, அண்ணன் இருக்க வரைக்குமாவது பெட்ரோல் ஓடுற வண்டிதான் நல்லதுன்னான். அண்ணன் இருக்க வரைக்கும்னு அவன் சொன்னது சும்மா வாய்ப்பழக்கம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் யாருட்டயும் சொல்லல. ஆனா அந்தச் சொல்லு எனக்குச் சுருக்குன்னு குத்திட்டு, வந்த கோவத்துல, ஒங்க அண்ணனைப் பத்தி நீ ரொம்பக் கவலைப்படாதடேன்னு எரிஞ்சு விழுந்தேன். மவன் இசக்கிராஜ் புனேயில இருந்துக்கிட்டு, எம்மா கரண்டு வண்டியைத்தான் எடுக்கணும், ஹைப்ரிட்ல ரெண்டு மிசினு, ரெண்டு ரிப்பேரு, நம்ம ஊருல எவன் பாப்பான்ங்கான். அதுல நியாயம் இருக்கு. ஆனா நியாயத்தைச் சொல்லி முடிச்சுட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாருங்க ஞாயித்துக்கிழமை. அப்பா சார்ஜ் ஆகுற நாலு மணி நேரத்துல வண்டியும் சார்ஜ் ஆயிரும்லாம்மா, ரெண்டையும் சொருகிவிட்டுட்டு நீ காப்பி குடிச்சுக்கிட்டு இருன்னான். ஃபோனை வச்சுட்டேன். அதுக்கப்புறம் பதினாலு தடவை கூப்பிட்டுட்டான், எடுக்கல. பெத்த தகப்பனைச் சொல்லுத சொல்லா அது? அதுவும் அவுக பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக. அவுகளுக்குச் சிரிப்பு வந்துட்டு. அதுதான் எனக்கு இன்னும் கோவம்.

அந்த அம்பது கிலோமீட்டர்தான் எனக்குள்ள கெடந்து உறுத்துது. எங்க வாசல்ல இருந்து ஆஸ்பத்திரி அம்பத்தெட்டு. அம்பதாவது கிலோமீட்டர் எங்க வரும்னு பாத்தா, சரியா ரயில்வே கேட்டு. ஊருல வேற எடமே இல்லாத மாதிரி. மூணு மாசத்துக்கு முன்ன எங்க பழைய வண்டி நின்ன எடம். அன்னைக்கும் செவ்வாக்கிழமை. முந்தின நாளு குமார் வீட்டுப் பிள்ளைக தர்பூசணி அறுத்துத் தின்னுச்சு, எங்க வீட்டுக்காரரும் ரெண்டு துண்டு தின்னிருக்காக, எனக்குத் தெரியாம. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிதான்னு டாக்டர் கட்டளை, நான் பாட்டில்ல கோடு போட்டு வச்சிருக்கேன், தர்பூசணி தண்ணியில்லையான்னு அந்த மனுசனுக்குத் தோணல. விடியவும் மூச்சு முட்டுது. கேட்டு போட்டிருக்கு, இஞ்சினை நிறுத்தினேன், ரயிலு போச்சு, சாவியைத் திருப்புனா வண்டிக்கு உயிரு இல்ல. பின்னால லாரி, பஸ்சு, எல்லாவனும் ஆரனை அடிக்கான். பொம்பளை வண்டி ஓட்டினா இப்படித்தான்னு ஒருத்தன் தலையை வெளிய நீட்டிச் சொல்லிட்டுப் போறான். இவுக சீட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் தொறந்து தொறந்து மூடுதாக, சத்தம் வரல. நான் திருப்பித் திருப்பிச் சாவியைத் திருகுதேன். கடைசில எங்க ஊருப் பால் வேன் மாடசாமிதான் பால் கேனை எல்லாம் ஒதுக்கிட்டு இவுகளைத் தூக்கிப் படுக்க வச்சுக் கொண்டுபோய்ச் சேத்தான். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது சட்டை பூரா பால் வாடை. இன்னைக்கும் பால் காச்சுனா எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருது. ஹைப்ரிட்டை எடுத்தா வாரத்துக்கு ரெண்டு தடவை அந்தக் கேட்டுல கரண்டு தீந்து டுர்ருன்னு இஞ்சின் பிடிக்கும். நான் ரெண்டு தடவை செத்துச் செத்துப் பிழைக்கணும்.

இருபத்திரண்டு காட்டுது. ஏறுது, நல்லாத்தான் ஏறுது. குமாரை நெனைச்சாத்தான் பத்திக்கிட்டு வருது. இன்னைக்கு நடந்தது மொத்தமும் அவனாலதான். ஞாயித்துக்கிழமை ஊரே இந்த வண்டியில ஏறி எறங்குச்சு, சத்தமே கேக்கலைங்காக, கோயிலைச் சுத்துனாக, கொளத்தைச் சுத்துனாக, பேட்டரி ஒம்பதுக்கு வந்துட்டு. வீட்டு லைன்ல சார்ஜ் போடலாம், ஆனா எங்க வீட்டு வயரிங் எங்க மாமனார் காலத்து வயரிங். ஷோரூம்ல இருந்து கரண்டு பாக்க ஒருத்தன் வந்தான், பகல் பதினொரு மணிக்கு, ஊருல ஒரு மோட்டாரும் ஓடாத நாளு. மீட்டரை வச்சுட்டு இருநூத்தி இருபத்தெட்டு வோல்ட், சூப்பர் மேடம்ங்கான். தம்பி, மோட்டார் எல்லாம் ஓடும்போது வந்து பாருங்க, மிக்ஸியில தேங்காய்ச் சில்லு அரைபடாதுன்னேன். வீட்டுல சார் இல்லையா மேடம்னு கேட்டுட்டுப் போயிட்டான். எங்க வீட்டு சார் கட்டில்ல படுத்துக்கிட்டுச் சிரிக்காக. அதனால குமார் என்ன பண்ணுனான், திங்கக்கிழமை காலையில வண்டியைக் கிணத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய் அங்க சொருகிட்டான். இலவசக் கரண்டுல்லா, பவரா வரும் மதினிங்கான். வெவசாயத்துக்குக் குடுத்த கரண்டுல காரு ஓட்டுனா பிடிச்சு உள்ள வைப்பான்டே, தப்பு அதுன்னேன், ஒரு நாளைக்குத்தானன்னான். சரி தொலையட்டும். ஆனா மோட்டார் லைன்ல பகல் ரெண்டு மணிக்குக் கரண்டு போயிரும், மறுநாள் வரைக்கும் வராது, இது எங்க ஊருல ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். இவனுக்குத் தெரியல. டவுன்ல செல்ஃபோன் கடையில இருக்கவனுக்கு எங்க தெரியும். ராத்திரி பூரா ஏறிக்கிட்டு இருக்கும்னு நெனைச்சுட்டுப் போயிட்டான். நானும் நம்பிட்டேன். பால் கறக்கணும், இவுகளுக்கு மாத்திரை எடுத்து வைக்கணும், கிணத்தடி வரைக்கும் போய்ப் பாக்கல.

விடிய ஆறு மணிக்குப் போய்ச் சாவியைப் போட்டா முப்பத்தொண்ணு காட்டுது. முப்பத்தொண்ணு. எட்டரைக்குக் கட்டில் குடுத்திருக்காக, அது போச்சுன்னா அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்காரு, மறுபடி எப்பன்னு அவுகளுக்கே தெரியாது. ஊருல ரெண்டு வாடகை வண்டி, பக்கத்து ஊருல கோயில் கொடை, ரெண்டும் விடியுமுன்னமே அங்க போயாச்சு. குமாருக்கு ஃபோனைப் போட்டுக் கிழிச்சேன். மன்னிச்சுக்கிடுங்க மதினின்னான், அவ்வளவுதான். வேற நாளா இருந்தா ஒண்ணுக்கு ஒம்பது பேசுவான், இன்னைக்குப் பூனை மாதிரி இருந்துக்கிட்டான், குத்தமுள்ள நெஞ்சு. இவுக வேட்டி துண்டோட வந்து முன் சீட்டுல உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டாக. எவ்வளவு காட்டுதுன்னு கேட்டாக. சொன்னேன். சரி போவோம்னாக. போவோமாம்ல! எப்படிப் போவ? மணி என்னாச்சுன்னு கேக்கற மாதிரி கேட்டுட்டு, போவோம்ங்காக. அம்பத்தெட்டு கிலோமீட்டர், ஏசியைப் போடல, காத்து தடுத்தா அதுக்கும் சார்ஜ் போகும்னு கண்ணாடியையும் ஏத்திவிட்டு, அம்பதுக்கு மேல மிதிக்காம, உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன். வேர்வை முதுகுல வழியுது. அவுகளுக்கும் வழியுது, ஒரு வாய் தண்ணி கேக்கல. போதாக்குறைக்கு அந்தப் பால் வேன் மாடசாமி வேற, ஊரைத் தாண்டினதுல இருந்து எம் முதுகைப் பிடிச்சுக்கிட்டு வாரான், நான் அம்பதுல போனா அவனும் அம்பது, ஒதுங்கிக் கையைக் காட்டினாலும் முந்த மாட்டேங்கான். பால் திரிஞ்சு போகாதா அவனுக்கு? அவன் கண்ணாடியில தெரியத் தெரிய எனக்குப் படபடப்பு கூடுச்சு.

இதுல ஒண்ணைச் சொல்லணும். சொல்ல வெக்கமா இருக்கு. அவ்வளவு பயத்துலயும் இந்த வண்டியை ஓட்டுறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நாப்பத்தேழு வயசுல, ஊரே வேடிக்கை பாக்க, டிரைவிங் ஸ்கூல் வண்டியில எல் போர்டோட தெருவுல போனவ நான். பழைய வண்டியைப் பின்னால எடுக்கத் தெரியாம மாட்டுத்தொட்டியை உடைச்சவ. கியரைப் போடும்போதெல்லாம் அது என்னை வையற மாதிரியே இருக்கும். இது வையல. காலை வச்சா போகுது, எடுத்தா நிக்குது. சத்தமில்ல. அந்தச் சத்தமில்லாததுதான் என்னைக் கொன்னுட்டு. பழைய வண்டி இரைச்சல்ல எனக்குத் தெரியவே தெரியாது, இன்னைக்குத்தான் அவுக மூச்சு விடுறது கேட்டுச்சு. அம்பத்தெட்டு கிலோமீட்டரும் கேட்டுச்சு. இழுக்கறது, கொஞ்சம் நிக்கறது, விடுறது. இடையில எங்கயோ ஒரு சின்ன விசில். கேட்டுல வண்டி நின்னப்ப வெளிய ரயில் போற சத்தத்துக்குள்ளயும் நான் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இருபத்தாறு வருசம் ஒரு கூரைக்கடியில இருந்தும் இந்த மூச்சை இப்படிக் கேட்டதில்லையேன்னு இருந்துச்சு. இப்ப முப்பது காட்டுது. முப்பத்தொண்ணைப் பாக்க மாட்டேன். முகத்தைத் திருப்பிக்கிடுதேன். ஓட்டல்காரன் கழுவி ஊத்துற தண்ணியைப் பாக்கேன், காக்கா சோத்தைக் கொத்துறதைப் பாக்கேன்.

போன மாசம் இவுகளை எடை மிசின்ல ஏத்திவிட்டுட்டுத் திரும்பினா டாக்டரம்மா என்னை ரெண்டு எட்டு தள்ளிக் கூப்பிட்டாங்க. எக்கோ பாத்தோம்மா, இருதயம் பம்ப் பண்ற வேகம் ரொம்பக் குறைஞ்சிருக்கு, முப்பது சதவீதம்தான்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. முப்பதை வச்சும் ஓட்டலாம், கவனமா இருக்கணும், ஒரு வருசமோ ரெண்டு வருசமோ நம்ம கையில என்ன இருக்குன்னாங்க. நான் சரிங்கன்னேன். என்னமோ ரேசன் கடையில சீனி இல்லன்னு சொன்ன மாதிரி சரிங்கன்னுட்டு, வந்து இவுக செருப்பை எடுத்துக் குடுத்தேன். யாருட்டயும் சொல்லல. மவன்ட்ட சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவான், வந்தா இவுகளுக்குத் தெரிஞ்சுபோகும். குமார்ட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சுபோகும். ஷோரூம்காரன் நோட்டீசை விரிச்சு வச்சு, பேட்டரிக்கு எட்டு வருசம் வாரண்டி சார், எட்டு வருசம் நீங்க கவலையே படவேண்டாம் சார்னு சொல்லும்போது எனக்கு அந்த மேசையைக் கவுத்திவிடணும் போல வந்துச்சு. எட்டு வருசமாம். இரும்புக்கும் ஈயத்துக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கான். ஒரு மனுசனுக்கு எவனாவது எழுதித் தாரானா? ஒரு வருசமோ ரெண்டு வருசமோன்னு நடையில நிக்க வச்சுச் சொல்லுதாக. இன்னைக்கு விடியக் காலையில வண்டியில சதவீதம் காட்டுற கண்ணாடியில முப்பத்தொண்ணுன்னு பாத்ததும் எனக்கு வண்டி ஞாபகமே வரல. இவுக நெஞ்சைவிட ஒண்ணு கூடன்னுதான் தோணுச்சு.

இப்பத் தெரியுதா என் பாடு. ஹைப்ரிட்டுன்னா அது இவுகளுக்கு. கரண்டு தீந்தாலும் பெட்ரோல் இருக்கு, நட்டநடு ரோட்டுல விட்டுறாது. கரண்டு வண்டின்னா எனக்கு. நாலு மாடு, தீவனக்கடை, பால் சொசைட்டி, எங்க அக்கா வீடுன்னு நான் ஒத்தையில ஓட்டிக்கிட்டுத் திரியறதுக்கு. அப்ப இவுகளுக்குப் பின்னால எனக்கு வேணும்னு வாங்குதேனா? இவுகளை முன் சீட்டுல உக்கார வச்சுக்கிட்டே அந்தச் சீட்டு காலியா இருக்கப்போற வருசத்துக்கு இப்பவே வண்டி எடுக்கேனா? சீ, நெனைப்பைப் பாரு. அப்படின்னா ஹைப்ரிட்டையே எடுத்துத் தொலையறேன். எடுத்தா அதுவும் ஒரு கணக்குத்தான, இருக்க வரைக்கும்னு குமார் சொன்ன அதே கணக்கு. எதை எடுத்தாலும் இவுகளை அளந்து பாத்துட்டு எடுத்த மாதிரிதான் இருக்கு. எவன் இப்படி ரெண்டு வண்டியைச் செஞ்சு எம் முன்னால நிறுத்துனான்? ஒரே ஒரு வண்டி வித்தா என்ன கொள்ளை போகுது? திரும்பிப் பாத்தேன். நாப்பத்தாறு. முப்பத்தொண்ணு எப்பவோ போயிருக்கு, ஒண்ணும் ஆகல. ஓட்டல்ல இருந்து ஒரு காப்பி வந்துச்சு, நான் கேக்கல, மேனேஜர் குடுத்துவிட்டானாம், வேனுக்காக. வேண்டாம்னு சொல்ல நெனைச்சேன், குடிச்சுட்டேன். மவன் சொன்ன மாதிரியே ரெண்டையும் சொருகிவிட்டுட்டுக் காப்பி குடிக்கேன். அதுக்கும் அழுகை வருது, அதுக்கும் கோவம் வருது.

பன்னெண்டரைக்கு நூறு. குழாயைப் பிடுங்கி மாட்டிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். இவுக கையில பஞ்சுக்கட்டோட, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் படி இறங்குதாக. டயாலிசிஸ் முடிஞ்சா எப்பவும் முகம் வெளுத்துப்போயி, சின்னப்பிள்ளை கணக்கா இருக்கும். உக்கார வச்சு பெல்ட்டை மாட்டினேன். கதவைச் சாத்தினதும் அந்த மூச்சு மறுபடி கேக்க ஆரம்பிச்சுட்டு. காலையில இருந்ததுக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு. எனக்கு வாய் நிக்கல. ஒங்க தம்பி வரட்டும் இன்னைக்கு, அவனுக்கு இருக்குன்னு ஆரம்பிச்சேன். கிணத்தடியில கொண்டுபோய்ச் சொருகிட்டு, ரெண்டு மணிக்குக் கரண்டு போகும்னுகூடத் தெரியாத கூறுகெட்டவன், இவன்லாம் எனக்கு வண்டி பாத்துச் சொல்லுதான்னு வஞ்சுக்கிட்டே போறேன். இவுக கையைத் தூக்கி என் கையில வச்சாக.

"அவனை வையாத. சொருகச் சொன்னது நான். ஒன்ட்ட சொல்லாதடேன்னதும் நான்தான்."

இந்த மனுசன் முப்பது வருசமா மோட்டார் போட்டவுக. மணியைப் பாக்காம, கரண்டு வர அஞ்சு நிமிசம் இருக்கும்போது கண்ணு முழிக்கிற ஆளு. படுத்த படுக்கையா இருந்தப்பவும், இன்னைக்கு முறை மாறுது, மத்தியானம்தான் வரும்னு கட்டில்ல கெடந்து சொன்னவுக. ரெண்டு மணின்னு இவுகளுக்குத் தெரியாதா? வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். இவுக முகத்தைப் பாத்தேன்.

"தெரியும்லா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"உசிரை வச்சு விளையாடுதீகளா? நடுரோட்டுல நின்னிருந்தா?"

"மாடசாமியைப் பின்னாலயே வரச் சொல்லியிருந்தேன்" அப்படின்னாக. அது என்னமோ பெரிய காரியம் இல்லங்கற மாதிரி, கைக்கட்டைத் தடவிக்கிட்டே சொன்னாக. "கொறைஞ்சு நிக்கும்போது எவ்வளவு தூரம் போகும்னு ஒருநாள் பாத்துரணும்ளா. நீ ஒத்தையில பாக்கக்கூடாதுல்லா. நான் கூட இருக்கும்போதே பாத்துட்டா பயம் விட்டுரும்."

நீங்க எதுக்கு இப்படிப் பேசுதீகன்னு கேக்க வாயைத் தொறந்தேன். அவுகளே சொன்னாக. "எடை மிசின்ல நிக்கவனுக்குக் காது கேக்காதா?"

ஒரு மாசம். ஒரு மாசமா நான் ஒளிச்சு வச்சு, அடுப்படியில நின்னு முந்தானையைக் கடிச்சுக்கிட்டு அழுது, மூஞ்சியைக் கழுவிட்டு வந்து மாத்திரை குடுத்துக்கிட்டு இருக்கேன். இந்த மனுசன் ஒண்ணும் தெரியாத மாதிரி வாங்கி முழுங்கிக்கிட்டு, மவன் சார்ஜ் ஆகறதைச் சொன்னா சிரிச்சுக்கிட்டு, தம்பியையும் பால்காரனையும் கூட்டுச் சேத்து எனக்குப் பரீட்சை வச்சிருக்காக. அந்த குமார் வசவை எல்லாம் வாங்கிக்கிட்டு மன்னிச்சுக்கிடுங்க மதினிங்கான். அந்த மாடசாமி அம்பதுலயே வாரான். ஊரு பூரா சேந்து என்னை ஏமாத்தியிருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டீயரிங்கை ரெண்டு அடி அடிச்சேன். ஆரன் அடிச்சுட்டு. முன்னால போன சைக்கிள்காரன் திரும்பி என்னை மொறைச்சான். மொறைக்கட்டும்.

கண்ணைத் துடைச்சுட்டுச் சொன்னேன். "நேரா ஷோரூமுக்குப் போறேன். இந்த வண்டிக்குத்தான் கையெழுத்துப் போடப்போறேன். எவனையும் கேக்கப் போறதில்ல. வீட்டுக்குப் புதுசா வயர் இழுப்போம், கிணத்தடிப் பக்கம் இது வரக்கூடாது. எட்டு வருசம் வாரண்டின்னு சொல்லுதான், கேட்டுக்கிடுங்க. எட்டு வருசமும் நீங்க இந்தச் சீட்டுல உக்காந்து வரணும். ஒரு நாள் கொறைஞ்சாலும் நான் சும்மா விடமாட்டேன்."

அவுக தலையைச் சீட்டுல சாச்சுக்கிட்டு, கண்ணை மட்டும் அந்த சதவீதம் காட்டுற கண்ணாடிப் பக்கம் திருப்புனாக.

"எவ்வளவு காட்டுது?"

"நூறு."

"அப்ப ஏசியைப் போடுளா. காலையில இருந்து வேகுது."

போட்டேன்.